பசியைக் கணக்கில் எடுக்காமல் கேலக்டஸை அளக்க முடியாது

மார்வெல் காமிக்ஸின் கேலக்டஸ் கிரகங்களைத் தின்பவன். 1966-ல் அவன் முதன்முதலாகப் பூமிக்கு வந்தபோது, ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோ குழுவின் அத்தனை அடிகளையும் பொருட்படுத்தாமல் நின்றான். பிறகு கையில் அடங்கும் ஒரு கருவியைக் கண்டு பின்வாங்கினான். 1982-ல் நியூயார்க்கில் சூப்பர் ஹீரோக்கள் கூடித் தாக்கியதில் சாய்ந்து விழுந்தான். 1984-ல் தொடங்கிய ‘சீக்ரெட் வார்ஸ்’ தொடரில் டாக்டர் டூம் என்ற மனிதன் அவனுடைய ஆற்றலைக் களவாடிக்கொண்டான். 2006-ன் ‘அனிஹிலேஷன்’ தொடரில் எதிரிகள் அவனையே கட்டிவைத்து ஆயுதமாக்கினார்கள். 2015-ல் அணிலின் திறன்களைக் கொண்ட ஒரு கல்லூரி மாணவி, பேசிப் பழகியே அவனைத் திருப்பி அனுப்பினாள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் காமிக்ஸ் ரசிகர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். கேலக்டஸின் ‘பவர் லெவல்’ என்ன? தானோஸ், டார்க்சைடு போன்ற காமிக்ஸ் பெருவில்லன்களுடன் மோதினால் யார் நிற்பார்கள்? ஒரு சாரார் அவன் வென்ற இடங்களை மட்டும் அடுக்குகிறார்கள். மறுசாரார் தோற்ற இடங்களை அடுக்குகிறார்கள். எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிக் குழப்பிவிட்டார்கள் என்பதில் மட்டும் இரு சாராருக்கும் ஒற்றுமை. அந்த ஒற்றுமையைத்தான் நான் மறுக்கிறேன். இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் குழப்பம் எதுவும் இல்லை. அவற்றை அளக்க நாம் எடுத்த அளவுகோல்தான் பொருந்தவில்லை. கேலக்டஸின் அளவு அவனுடைய பலத்தில் இல்லை, பசியில் இருக்கிறது.

பலத்தை எண்ணில் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1983-ல் மார்வெல் நிறுவனம் தன் கதை உலகத்துக்கு ஓர் அதிகாரபூர்வக் கையேட்டை வெளியிடத் தொடங்கியது. அதை முன்னின்று உருவாக்கியவர் மார்க் க்ரூன்வால்ட். எந்தப் பாத்திரம் எத்தனை டன் எடையைத் தூக்கும் என்பதற்கு அதில் வகுப்புகள் இருந்தன. நூறு டன்னுக்கு மேல் தூக்குபவர்கள் ‘கிளாஸ் 100’. பின்னாளில் வந்த பதிப்புகள் அறிவு, பலம், வேகம், தாங்கும் திறன், ஆற்றல் வீச்சு, சண்டைத் திறன் ஆகிய ஆறுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போட்டன. இந்த முயற்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரே பாத்திரத்தைப் பல எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்கில் கைமாற்றி எழுதும் தொழிலில், இந்த மாதம் கார் ஒன்றைத் தூக்கத் திணறியவன் அடுத்த மாதம் மலையைத் தூக்கக்கூடாது. ஸ்பைடர்மேனுக்கும் கேப்டன் அமெரிக்காவுக்கும் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அவர்கள் நம்மைப் போன்ற உடல் கொண்டவர்கள். ஆனால் நூறு டன்னுக்கு மேலே போய்விட்டால் எல்லோரும் ஒரே வகுப்பு. ஏழுக்கு மேலே போய்விட்டால் எல்லோரும் ஏழு. கிரகங்களை உண்டு வாழும் ஒருவனும் இந்த அட்டவணையின் உச்சிப் படியில்தான் மற்றவர்களோடு நிற்க வேண்டும். எடைக்கல் தீர்ந்துபோன தராசில் நிறுத்துவிட்டு, நிறுக்கப்பட்ட பொருளைக் குறை சொல்வதில் பொருளில்லை.

கேலக்டஸை உருவாக்கியவர்கள் அவனை ஒரு போட்டியாளனாக வடிக்கவே இல்லை. ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் படைத்த அந்த முதல் கதை ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 48, 49, 50 ஆகிய இதழ்களில் வந்தது. 48-வது இதழின் நடுவில் தொடங்கி 50-வது இதழின் நடுவிலேயே முடிந்துவிடும் கதை அது. வானம் தீப்பற்றுகிறது, பிறகு பாறைகளால் மூடிக்கொள்கிறது. அது கேலக்டஸின் வேலை அல்ல. அவனுடைய தூதன் கண்ணில் பூமி படக்கூடாது என்று ‘வாட்சர்’ செய்த மறைப்பு. பிரபஞ்சத்தில் எதிலும் தலையிடமாட்டேன் என்று உறுதி பூண்ட ஒருவனே உறுதியை மீறுகிறான் என்பதிலிருந்து வருபவன் யாரென்று வாசகர் அறிந்துகொள்கிறார். நாயகர்கள் மோதுகிறார்கள், அவனோ கட்டடத்தின் உச்சியில் தன் கருவியைப் பூட்டுவதிலேயே கவனமாக இருக்கிறான். சாப்பாட்டுக்கு இலை போடுபவன் ஈயை ஓட்டுவதற்கு மேல் அதைப் பொருட்படுத்தமாட்டான் அல்லவா, அப்படி. கதையைத் திருப்புபவை இரண்டு. ஒன்று, கேலக்டஸின் சொந்தக் கப்பலிலிருந்து ஃபென்டாஸ்டிக் ஃபோரில் ஒருவனான ஜானி ஸ்டார்ம் எடுத்துவந்த ‘அல்டிமேட் நல்லிஃபையர்’ என்ற கருவி. மற்றொன்று, தூதனாக வந்த சில்வர் சர்ஃபருக்குப் பூமியின் மீது பிறந்த இரக்கம். இரண்டில் எதுவும் நாயகர்களின் தசைபலம் அல்ல. அடித்து வெல்ல முடியாத ஒருவனைப் படைத்தால் கதை வேறு வழி தேடியாக வேண்டும் என்பதே அந்த மூன்று இதழ்களின் கட்டுமானம்.

அந்த வழி பசியின் வழியாகவே போகிறது என்பதற்குப் பிந்தைய கதைகள் சான்று. 1969-ல் ‘தோர்’ இதழ்களில் லீயும் கர்பியும் அவனுடைய பிறப்பைச் சொன்னார்கள்: அழிந்துகொண்டிருந்த டா என்ற உலகில் கேலன் என்ற பெயரோடு வாழ்ந்தவன்தான் கேலக்டஸ் ஆனான். அவன் ஆசைப்பட்டுப் பெற்ற வாழ்வல்ல இது. தன் உலகம் முழுவதும் மடிந்தபோது மீந்தவனுக்கு வாய்த்த நிலை. 1982-ல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த கதையில், கேலக்டஸின் தூதன் டெர்ராக்ஸ் தன் எஜமானுக்கு எதிராகத் திரும்புகிறான். மன்ஹாட்டனைப் பெயர்த்து விண்ணில் நிறுத்தி, கேலக்டஸைக் கொல்லுங்கள் என்று ஃபென்டாஸ்டிக் ஃபோரை மிரட்டுகிறான். அவனுக்கு அந்தத் துணிச்சல் எப்படி வந்தது? எஜமான் பட்டினியால் தளர்ந்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். ஆக, கேலக்டஸ் அந்தக் கதையில் சாய்ந்தது எழுத்தாளரின் மறதியால் அல்ல. அவன் உண்ணாமல் இருந்தான் என்பது கதையிலேயே இருக்கிறது. ஜிம் ஷூட்டர் எழுதிய ‘சீக்ரெட் வார்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே நாயகர்கள் அவனுடைய உணவைத் தடுத்துவிட, அவன் தன் வீடான மாபெரும் விண்கலத்தையே ஆற்றலாக்கி உண்ணத் தொடங்குகிறான். டாக்டர் டூம் களவாடியது அந்த ஆற்றலைத்தான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்போம். கேலக்டஸுக்குப் பறந்துபோனது அவன் குடியிருந்த வீடு. இந்தத் தோல்வியை ‘டூம் கேலக்டஸைவிடப் பலசாலி’ என்று அட்டவணையில் எழுதுபவர், கதையில் நடந்ததைப் படிக்கவில்லை.

இப்படிப் பார்த்தால் எண்ணால் கேட்கவே முடியாத கேள்விகள் எழுகின்றன. 1982-ல் சாய்ந்து கிடந்த கேலக்டஸைச் சாகவிடாமல் காப்பாற்றியவன் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸ். உயிர் பிழைத்தவன் அடுத்த ஆண்டே ஸ்க்ரல் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தலைமைக் கிரகத்தை உண்டான். 1984-ல் வந்த 262-வது இதழில், கேலக்டஸால் உலகிழந்தவர்கள் ரீடைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். கோடிக்கணக்கான உயிர்களுக்கு நேர்ந்த அழிவுக்குக் காப்பாற்றியவன் பொறுப்பா என்பது வழக்கு. தோரின் தந்தை ஓடின் வந்து கேலக்டஸின் பிறப்பைச் சொல்கிறான், கேலக்டஸே வருகிறான், கடைசியில் பிரபஞ்சத்தின் உருவமான ‘எடர்னிட்டி’ தோன்றி, அவனும் இந்த அண்டத்தின் ஒழுங்கில் ஒரு தேவை என்று காட்டுகிறது. இந்தத் தீர்ப்பை ஏற்பதா, மறுப்பதா என்று வாசகர்கள் சண்டையிடலாம். நான் அதை முழுமனத்தோடு ஏற்கவில்லை. அண்டத்தின் ஒழுங்கு என்ற சொல், உலகிழந்தவர்களின் வாயை அடைக்கும் சொல்லாகவும் ஆகிவிடக்கூடும். ஆனால் இது எவ்வளவு பெரிய சண்டை! பசித்தவனை வில்லன் என்று சொல்லலாமா, தின்றே தீரவேண்டிய ஒருவனுக்குக் குற்றம் உண்டா என்ற கேள்வி தமிழ் வாசகர்களுக்குப் புதிதும் அல்ல. மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு முனிவரின் சாபத்தால் ‘யானைத்தீ’ என்னும் தீராப் பசி நோய் வந்தது. எவ்வளவு உண்டாலும் அடங்காத அந்தப் பசி, அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவில் தணிந்தது. அவளை வெல்வது எப்படி என்று அந்தக் காப்பியம் கேட்கவில்லை. அவள் பசி ஆறுவது எப்படி என்று கேட்டது.

கேலக்டஸின் கதைகளும் அந்தக் கேள்விக்கு வந்துசேர்ந்திருக்கின்றன. ரயன் நார்த் எழுதி எரிகா ஹென்டர்சன் வரைந்த ‘ஸ்க்விரல் கேர்ள்’ தொடரின் முதல் நான்கு இதழ்கள் 2015-ல் வந்தன. முதலில் சொன்ன கல்லூரி மாணவி டோரீன் கிரீன் அதில் நிலவுக்குப் போய்க் கேலக்டஸைச் சந்திக்கிறாள், நட்பாகிறாள், அறிவுள்ள உயிர்கள் இல்லாத வேறொரு கிரகத்தை அவன் பசிக்குத் தேடித்தருகிறாள். இது கேலியாக எழுதப்பட்ட வெற்றி, கணக்கில் சேராது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்தத் தொடர் நகைச்சுவைத் தொடர்தான். ஆனால் அதன் தீர்வு நகைச்சுவை அல்ல. எதிரிக்கு என்ன வேண்டும் என்று கேட்ட பிறகே அவள் காரியத்தில் இறங்குகிறாள். அதே ஆண்டு தொடங்கிய ‘அல்டிமேட்ஸ்’ தொடரில் ஆல் யூவிங் இதையே முழு ஈடுபாட்டோடு எழுதினார். அங்கே நாயகர்கள் கேலக்டஸை அவன் உருவான கருவறைக் கலத்துக்குள் மீண்டும் செலுத்தி, முற்றுப்பெறாமல் போன அவன் பிறப்பை முற்றுப்பெற வைக்கிறார்கள். பொன்னிற உருவத்தோடு வெளியே வந்தவன் உலகங்களைத் தின்பவனாக இல்லை, உயிரூட்டுபவனாக இருக்கிறான். ஆர்க்கியோபியா என்ற உலகைத்தான் அவன் முதன்முதலில் தின்றான். உயிரூட்டுபவனாக மாறியதும் அதைத்தான் முதலில் மீட்டெடுக்கிறான். ஐம்பது ஆண்டுகள் ஹீரோக்கள் அடித்தும் மிரட்டியும் தற்காலிகமாகத் துரத்திய ஒருவனை, இந்த இரண்டு கதைகள் அவன் தேவையின் வழியாக அணுகின. மோதல் பட்டியலில் இவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வெற்றி என்றா, தோல்வி என்றா?

திரைப்படங்களும் இதையே மெய்ப்பிக்கின்றன. 2007-ல் வந்த இரண்டாவது ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்தில் கேலக்டஸ் விண்ணில் நகரும் ஒரு பெரும் மேகமாக வந்தான். ரசிகர்களின் ஏமாற்றம் அந்தப் பிரம்மாண்டத் தலைக்கவசமும் உருவமும் இல்லையே என்பதாகவே பேசப்பட்டது. இழப்பு அதைவிடப் பெரிது என்பது என் கருத்து. முகம் இல்லாதபோது அது யாருடைய பசியும் இல்லை, வெறும் புயல். புயலிடம் பேச முடியாது, புயலின் மீது இரங்கவும் முடியாது. மேட் ஷக்மன் இயக்கி 2025-ல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ படத்தில் ரால்ஃப் இனிசன் கேலக்டஸாக வருகிறார். அந்தக் கேலக்டஸ் ஓர் உடன்பாடு பேசுகிறான். ரீடுக்குப் பிறக்கவிருக்கும் குழந்தையைக் கொடுத்தால் பூமியை விட்டுவிடுகிறேன் என்கிறான், ஏனென்றால் அந்தக் குழந்தை தன் இடத்துக்கு வந்தால் தனக்கு இந்தப் பசியிலிருந்து விடுதலை கிடைக்கும். அந்த ஒரு கோரிக்கையால் கதை சண்டைக் காட்சிகளைத் தாண்டி வளர்கிறது. பெற்றோர் மறுக்கிறார்கள், காப்பாற்றப்பட வேண்டிய மக்களே அவர்கள் மீது கோபம் கொள்கிறார்கள். முடிவில்கூட அவனை யாரும் அடித்து வீழ்த்துவதில்லை, தொலைதூரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எவ்வளவு பெரியவன் என்பதைக் காட்டியதில் இரண்டு படங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவனுக்கு ஒரு தேவை இருக்கிறது என்று காட்டியதில்தான் வேறுபாடு.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி நியாயமானது. எல்லாவற்றுக்கும் பசியைக் காரணமாகச் சொல்வது எழுத்தாளருக்கு வசதியான சாக்கு ஆகிவிடாதா? தோற்றால் பட்டினி, வென்றால் வயிறு நிறைந்திருந்தது என்று எதையும் நியாயப்படுத்திவிடலாமே? ஆகாது, ஏனென்றால் பசி என்ற அளவுகோல் எண்ணைவிடக் கண்டிப்பானது. கேலக்டஸ் பலவீனனாக வந்தால், அவன் எப்போது உண்டான், ஏன் உண்ணவில்லை என்பதைக் கதை சொல்லியாக வேண்டும். சொல்லாத கதையைத் தவறு என்று தயங்காமல் சொல்லலாம். இந்தச் சோதனையில் தேறாதவை இருக்கின்றன. 1991-ல் வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ தொடரில், அளவற்ற ஆற்றல் தரும் ஆறு கற்கள் பதித்த கையுறையை அணிந்த தானோஸுக்கு எதிராக அண்டத்தின் பெரும் சக்திகள் அணிவகுக்கின்றன. அந்த அணியில் கேலக்டஸும் ஒருவனாக நிற்கிறான், மற்றவர்களோடு சேர்ந்து தோற்கிறான். ஜிம் ஸ்டார்லின் எழுதிய அந்தத் தொடரைத் தானோஸின் கதையாக நான் மதிக்கிறேன். ஆனால் அதில் கேலக்டஸுக்குப் பசியும் இல்லை, தேவையும் இல்லை. தானோஸ் எவ்வளவு உயரம் என்று காட்ட நிறுத்திய அளவுக்குச்சியாக மட்டும் இருக்கிறான். ‘தானோஸ் வென்றான்’ என்று ரசிகர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் இந்த இடமே கேலக்டஸைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் இடம். தானோஸின் ஆற்றல் ஒரு பொருளைக் கைப்பற்றியதால் வந்தது. கையுறையைக் கழற்றினால் போய்விடும். கேலக்டஸின் ஆற்றல் அவன் உயிரோடு பிணைந்தது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து மேல், கீழ் என்று சொல்வது காற்றையும் கயிற்றையும் முழம் போட்டு அளப்பது போன்றது.

இரண்டாவது மறுப்பு: இதெல்லாம் ரசிகர்களின் விளையாட்டு, அதைக் கெடுப்பானேன்? யார் வெல்வார் என்ற கேள்விக்கு, எழுதுபவர் யாரை வெல்ல வைக்கிறாரோ அவர்தான் என்ற பொருளில் ஸ்டான் லீயே பதில் சொல்லிவிட்டாரே? அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது, ஆனால் அது வாதத்தை மூடிவிடுகிறது; எனக்கு வாதம் மூடப்படுவதில் விருப்பமில்லை. பவர் லெவல் பற்றிப் பேசும் இளைஞர்கள் எந்த இதழில், எந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று சான்று காட்டிப் பேசுகிறார்கள். எதிராளி காட்டும் சான்றைச் சோதிக்கிறார்கள். விதிவிலக்கை விதியிலிருந்து பிரிக்கப் பழகுகிறார்கள். இலக்கியத்தை நெருங்கி வாசிக்கும் பயிற்சி இதுதான். அந்த உழைப்பின் மீது எனக்கு மதிப்பு இருப்பதால்தான், அது ஒரு மொட்டை எண்ணில் போய் முடியும்போது வருத்தம் வருகிறது. எழுத்தாளர் நினைத்தால் யாரும் வெல்லலாம் என்பது சரி. எழுத்தாளர் நினைத்தாலும் சில வெற்றிகளை வாசகர் நம்பமாட்டார் என்பதும் சரி. நம்புவதற்கும் நம்ப மறுப்பதற்கும் காரணம் சொல்ல முடியும். அந்தக் காரணங்களைத் தேடுவதே வாதத்தின் பயன். ஆகவே விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ‘இவனால் எவ்வளவு முடியும்’ என்பதோடு ‘இவனால் எது இல்லாமல் முடியாது’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன். அதே இதழ்களிலிருந்து வேறு சான்றுகள் கிடைக்கும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. பசி என்று சொல்லிவிட்டால் கொலை குற்றமில்லாததாகிவிடுமா? விழுங்கப்பட்ட உலகங்களில் இருந்தவர்களுக்கு, தங்களைத் தின்றவன் பாவம் என்று கேட்பதில் என்ன ஆறுதல்? இதற்குப் பதில் கேலக்டஸிடம் இல்லை, அவனுக்குமுன் கட்டியம் கூறிக்கொண்டு வரும் தூதர்களிடம் இருக்கிறது. லீயும் ஜான் புஸ்செமாவும் 1968-ல் சொன்ன கதைப்படி, ஸென்-லா என்ற தன் கிரகத்தைக் காப்பாற்ற நாரின் ராட் தன்னையே கொடுத்துச் சில்வர் சர்ஃபர் ஆனான். எந்தக் கிரகத்தை எஜமானுக்குக் காட்டுவது என்ற தேர்வு தூதனுடையது. 1982-ல் தூதுப் பணியை ஏற்ற நோவா என்ற பிரான்கி ரே, உயிர்கள் வாழும் உலகங்களைக் காட்டத் தயங்காதவள். ஸ்க்ரல் கிரகத்துக்கு அவனை அழைத்துச் சென்றவள் அவள். பசி ஒன்றுதான், எஜமானும் ஒருவன்தான். ஆனால் எங்கே போய் உண்பது என்பதில் மனம், விருப்பம், அறம் எல்லாம் நுழைகின்றன. பசியைத் தேவை என்று ஒப்புக்கொள்வதால் குற்றம் மறைந்துவிடுவதில்லை. தேவையிலிருந்து விலகி, தேர்வு நடக்கும் இடத்தில் போய் நிற்கிறது. தான் பிழைக்க அடுத்தவர் ஊரைக் காட்டிக்கொடுத்தவனின் நிலை என்ன, காட்ட மறுத்தவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பேசும் கதைகள் இவை. பூமியைக் காட்ட மறுத்த சர்ஃபர், 1966 கதையின் முடிவில் விண்வெளியில் திரியும் உரிமையை இழந்து இங்கேயே சிறைப்பட்டான். இந்த விலையை எந்த மதிப்பெண் அட்டவணையில் எழுத முடியும்?

அந்த 1966 கதையில் ஒரு சிறிய காட்சி வருகிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோரின் தி திங் விட்ட குத்தில் தூக்கியெறியப்பட்ட சில்வர் சர்ஃபர், அலிசியா மாஸ்டர்ஸ் என்ற பார்வையற்ற சிற்பியின் வீட்டில் வந்து விழுகிறான். வந்தவன் உலகத்தின் அழிவுக்கு முன்னோடி என்று அவளுக்குத் தெரியாது. அவள் அவனுக்குச் சாப்பிட உணவு தருகிறாள். உண்ணும் வழக்கம் அறியாத அவன் அந்த உணவை அப்படியே ஆற்றலாக மாற்றிவிடுகிறான். அவனுடைய எஜமான் கிரகங்களுக்குச் செய்வதை ஒரு தட்டு உணவுக்குச் செய்து காட்டுகிறான். பிறகு அவள் பேசுகிறாள், அவன் கேட்கிறான், இந்த உலகில் காக்கத் தகுந்த ஏதோ இருக்கிறது என்று முதன்முதலாக அவனுக்குத் தோன்றுகிறது. கேலக்டஸின் பவர் லெவலைக் கணக்கிடுபவர்கள் அடுத்த பக்கங்களில் நடக்கும் மோதல்களைக் குறித்துக்கொண்டு, இந்தக் காட்சியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாயகர்கள் எல்லோரும் கூடி ஓங்கியபோது அசையாத கதை, வீடு தேடி வந்தவனுக்கு முன்னால் ஒரு பெண் வைத்த தட்டிலிருந்துதான் அசையத் தொடங்குகிறது. கேலக்டஸை அளக்க விரும்புபவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.